யாரும் மறிக்காத விருந்து

இன்று பின்னேரம் ஹவுன்ஸ்லோவில் யாந்தி வீட்டுக்குப் போனோம். விமான நிலையத்தில் என்னோடு வேலை செய்கிற ஜாவாப் பெண். புது வீட்டுக்கு வந்ததற்காக, அவர்கள் வழக்கப்படி அயலவரைக் கூப்பிட்டு 'ஸ்லமத்தான்' விருந்து வைத்தார்.

எனக்கு இரவு ஷிப்ட். விருந்திலிருந்து நேரத்துக்கு எழும்புவதற்குப் போகும்போதே பஸ்ஸில் இரண்டு பொய் தயார் செய்தேன்.

"இடையிலை எழும்பினால் மரியாதையில்லை. பேசாமல் இருங்கோ" என்றாள் மனைவி.

பாயில் இருந்தோம். நடுவில் கூம்பாக மஞ்சள் சோறு. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவர் பிரார்த்தனை சொன்னார். முடிந்ததும் எல்லோரும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு சோற்றுப் பெட்டியோடு எழும்பிவிட்டார்கள்.

அவரவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஆசி போய்ச் சேர வேண்டுமாம். யாந்தி எங்களுக்கும் ஒரு பெட்டியைத் தந்து, சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது பஸ்ஸில் இருக்கிறோம். மடியில் பெட்டி சுடுகிறது. ஷிப்டுக்கு இன்னும் நிறைய நேரம்.

"இன்னும் கொஞ்சம் இருங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்கிறாள் மனைவி.

போகத் துடித்தவன் நான். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. "விடுங்கோ, போகவேணும்" என்று கெஞ்சாமல் வெளிக்கிட்டால், ஒரு வீட்டுக்குப் போய்வந்த மாதிரியே இல்லை. உங்களுக்கும் இப்படித்தானா?