கருமாதிக்குப் பிறகும் எரிந்த விளக்கு

ரத்தம் குறைந்தால்தான் வியாதி என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரிக்கு ரத்தம் குறையவில்லை. வெள்ளை அணு பெருகிக்கொண்டே போகிறது என்று கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது பக்க வயிறு கல் மாதிரி கெட்டியாகி, இரண்டு பிடி சோறு உண்டதும் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவாள். எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பழம் ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு உரம் போடும் கூட்டத்தில் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாரியாத்தாள் கொடுக்கவில்லை. அதற்காக நாங்கள் அவளோடு கோபித்துக்கொள்ளவும் இல்லை.

என் மனைவியின் தம்பியைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் வரை போய், அங்கேயே ஆராய்ச்சி என்று உட்கார்ந்துவிட்டான். உடம்பில் உள்ள அணுவுக்குள் சேதி எப்படிப் போகிறது என்று பார்க்கிறேன் என்பான். இத்தனை வருஷம் படிக்க வைத்தது அணு பேசுவதை ஒட்டுக் கேட்கத்தானா என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைக் கேலி செய்வார். நான் சிரித்துவிட்டுப் போவேன். எனக்கும் தெரியாதே.

அக்காவுக்கு இந்த வியாதி என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பின்வாசலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனும் இரண்டு மீனை எடுத்துத் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னான்.

“துரை சொன்னா ஆபீஸ் கிராணி மண்டோர்கிட்ட சொல்றாரு. மண்டோர் விடியக்காலையில ஆளெடுக்கப் பெரட்டு மணி அடிச்சா ஆளுங்க வேலைக்குப் போறாங்க. அணுவுக்குள்ளயும் அப்படித்தான்க்கா. வெளியேருந்து சேதி வந்தா ஒரு புரதம் இன்னொரு புரதத்துமேல கொஞ்சம் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டினதும் அது முழிச்சுக்கும். அது போயி அடுத்ததை எழுப்பும். கடைசியில அணு ரெண்டாப் பிரியும். ஒட்டி எழுப்பற அந்தப் புரதத்துக்குப் பேரு கைனேஸ்.”

“பாஸ்பேட்டா? நான் மரத்துக்குப் போடறதா?”

“அதே சரக்குதான்லா. ஆனா உனக்கு வந்தது அதனால இல்ல. உன் அணுவுல ஒரு கைனேஸ் ஓயவே மாட்டேங்குது. யாரும் சேதி சொல்லாமலே மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.”

“நிறுத்தத் தெரியுமா?”

அவன் கையில் இருந்த நெத்திலியைப் பார்த்தான். “எந்த மணின்னு இப்பதான் வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. நிறுத்த யாருக்கும் தெரியலக்கா.”

அவள் அடுத்த மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, வேலையே இல்லாமல் பெரட்டுக்கு மணி அடிக்கிறானே, என் உடம்புக்குள்ளும் சரியான மண்டோராகப் பார்த்து வைத்திருக்கிறாள் ஆத்தா என்று சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. உன் ரத்தம் கொஞ்சம் வேண்டும், எங்கள் இடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். அவள் அப்போதே கையை நீட்டிவிட்டாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடுத்துக்கொண்டான்.

அதிலிருந்து அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன்னைப் பற்றி அவள் பேச மாட்டாள். என் ரத்தம் எப்படி இருக்கிறது, சோறு போடுகிறாயா என்பதுதான் பேச்சு. கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த தெளிவைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அவள் முகம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டில் மீன் வாசனைகூட வரவிடாதவள் அவள்.

“கண்ணுக்குட்டியா? வெள்ளிக்கிழமையுமா கொடுக்கறே?”

அதற்கு ஒன்றும் தெரியாதுக்கா, அணுதானே என்றான். அது தெரியாமல் குடிக்கிறது, கொடுக்கிற உனக்குத் தெரியும் அல்லவா என்றாள். அன்றிலிருந்து அவன் வியாழக்கிழமையும் சனிக்கிழமையும் சோறு வைப்பதாக மாற்றிக்கொண்டான். கூட வேலை செய்கிறவர்கள் காரணம் கேட்டார்களாம். அக்கா சொல்லிவிட்டது என்றானாம்.

நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். தலைமுடி கொடுத்தேன். அவளுக்கு ஆஸ்பத்திரி மாத்திரையும் தவறவில்லை. கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு வியாதி ஒரே தாவாகத் தாவியது. ஆடி மாதத்தில் போய்விட்டாள். சாம்பலைக் கோலசிலாங்கூரில் ஆறு கடலில் சேரும் இடத்தில் கரைத்தோம். வீட்டில் அவள் தலைமாடு இருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்தோம். கருமாதி வரைக்கும் அது அணையக்கூடாது, கருமாதியன்று குளிர வைத்துவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது.

கருமாதிக்கு முதல்நாள் என் மச்சினன் சாப்பிடாமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடப் போனேன்.

“மாமா, அக்காவோட அணு அங்க இன்னும் உயிரோட இருக்கு. பெருகிக்கிட்டும் இருக்கு.”

அவளைக் கரைத்துவிட்டு வந்தேனே. உயிரோடு இருக்கிறவளுக்கா நாளைக்குப் பிண்டம் வைக்கப்போகிறேன்? காரியம் செய்து வைக்க வந்திருந்த பண்டாரத்திடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். தன் அப்பா இதைப் பற்றி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றார். முடி வெட்டுகிறோம், நகம் வெட்டுகிறோம், அதற்கெல்லாம் கருமாதியா செய்கிறோம் என்றார்.

“முடி சோறு கேக்காதே, ஐயா” என்றேன்.

அவர் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். தூரத்துப் பாகான் நக்கோடா ஓமார் ஊரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். குறித்த நாளில் கருமாதி நடந்தது. ஆனால் விளக்கை நான் குளிர வைக்கவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை.

சொந்தக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். என் கூடப் பிறந்த அக்காள் மட்டும் தங்கியிருந்து நேராகக் கேட்டாள். “காரியம் முடிஞ்ச வீட்டுல எதுக்குடா இந்த விளக்கு? நீ வெளிச்சம் காட்டிக்கிட்டே இருந்தா அவ எப்படிடா போவா?”

அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேனா, இல்லை உயிரோடு இருக்கிறவளுக்கு விளக்கை அணைக்கப் பார்க்கிறேனா? எது பாவம் என்று தெரியவில்லை. பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போனேன்.

அவன் வேலை செய்யும் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். போட்டுக்கொள்ளுங்கள் மாமா, இங்கே உடைந்த கண்ணாடி கிடக்கும் என்று அவனே எடுத்துவந்து காலடியில் வைத்தான். சூடாக இருந்த ஒரு பெட்டியைத் திறந்து தட்டையான குப்பி ஒன்றை வெளியே எடுத்தான். உள்ளே ரோஸ் சிரப் தண்ணீர் கலந்த நிறத்தில் ஏதோ கொஞ்சம் இருந்தது. பெரிய பூதக் கண்ணாடி மாதிரி ஒரு கருவியில் வைத்துப் பார்க்கச் சொன்னான். குட்டிக் குட்டியாய், உருண்டையாய், பளபளவென்று நிறைய.

“இதுல அவ எது?”

“எல்லாம்தான் மாமா.” பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “ஆனா இதுதான் அக்காவைக் கொன்னது. இது அக்கா இல்ல.”

இரண்டும் உண்மைதான் என்று எனக்குப் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது. எதைக் கும்பிடப் போகிறேன் என்று பாதியில் நின்றுவிட்டது. இதையும் அணைத்துவிடச் சொல்கிறீர்களா மாமா, நீங்கள் சொன்னால் செய்கிறேன் என்றான்.

வேண்டாம் என்றேன். அந்த மணி எது, எப்படி அடிக்கிறது என்று நீ நன்றாகப் பார், இன்னொரு வீட்டுக்காவது உதவட்டும் என்றேன். அதுவாகப் போகிற அன்றைக்கு மட்டும் என்னிடம் வந்து சொல் என்றேன்.

ஊர் திரும்பி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். என் அக்காள் வந்து திரியைத் தூண்டிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை அவன் வந்தான். சனிக்கிழமை சோறு வைக்கிற நாள் ஆயிற்றே. படியில் அவனைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“வியாழக்கிழமை வச்சதை எடுத்துக்கவே இல்ல மாமா. நேத்து காலையில பார்த்தேன். ஒண்ணுகூட உயிரோட இல்ல.”

“நேத்து வெள்ளிக்கிழமை.”

“ஆமா மாமா.”

குப்பியைக் கழுவும் வேலைக்கு அங்கே ஆள் உண்டாம். அவன் யாரையும் தொட விடாமல் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு பேரும் தலை முழுகினோம். ஒரு பூவைப் பாலில் நனைத்து விளக்கைக் குளிர வைத்தேன். போய் வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவன்தான் சொன்னான்.

பல வருஷம் கழித்து, அந்த ஒரு கைனேஸின் வாயை அடைக்கும் மாத்திரை வந்துவிட்டது, அதே வியாதிக்காரர்கள் தின்றுகொண்டு வேலைக்குப் போகிறார்கள் என்று அவன் போனில் சொன்னான். நல்லது தம்பி என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அன்று விளக்கைக் குளிர வைத்தபின் வந்த திங்கட்கிழமை விடியலில் பெரட்டு மணி அடித்தது. அவள் இருந்தவரை அந்தச் சத்தத்துக்கு எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். நான் பாயிலேயே கிடந்து அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றது.