பதினைந்து சென்டிமீட்டர் ஆழம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மர அளவுகோல் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகக் கோப்புகளில் கோடு போட்ட கோல். அதன் பதினைந்தாவது சென்டிமீட்டர் வரை மண் கறை. எண்பதுகளில் ஓர் அக்டோபரில் ஏறியது. வேண்டுமென்றேதான் கழுவாமல் வைத்திருக்கிறேன்.

அப்போது பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பெல் பகுதியில் குடியிருந்தோம். கட்டடத்தின் பின்முற்றத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் இருந்தது. அதில் என் மனைவி ஒரு பியோனிக் கிழங்கை நட்டாள். கிழங்கின் முளைக்கண்கள் மண்ணுக்குள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் ஆயுளுக்கும் இலைதான், பூ இல்லை. அவள் நட, நான் அளந்தேன். “செடிக்குமா ஒரு தோசியே திறக்கிறீங்க?” என்று சிரித்தாள். கோப்பில்லாமல் எனக்கு எதுவும் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வசந்தம் வெறும் இலை. நான்காவது மே மாதத்தில் ஏழு மொட்டுகள் வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். மாலையில் போய் உட்கார்ந்தால் மருத்துவர் சொன்னதைப் பற்றிப் பேசமாட்டாள். மொட்டு எவ்வளவு பருத்தது என்று கேட்பாள். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன். ஏழு காம்புகள், ஏழும் சாய்வாக, சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தன. கீழ்த்தள மளிகைக்கடைக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், வாசலில் நின்றார். “ஓம் அண்ணை, நான் கண்டனான். உங்கடை பிரெசிதான்தான் கத்தரிக்கோலோடை வந்தவர். மாதாவுக்காம். நான் என்னத்தைச் சொல்ல?”

பிரெசிதான் இரண்டாம் மாடிக்காரர். எங்களைப் போலவே புதுச்சேரிக்காரர். ஜெபக் குழுவின் தலைவர் என்பதால் அந்தப் பெயர். மே மாதம் மாதாவின் மாதம். பீடத்துக்குப் பூ வேண்டும். அடுத்த வீட்டுப் பூவானாலும் மாதாவுக்கென்று பறித்தால் அனுமதி தேவையில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களின் எழுதாத சட்டம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. “உங்க பிவுவான் பூ பீடத்துல என்னமா விரிஞ்சிருக்கு தெரியுமா மிஸ்யே! மதாமுக்காகவும் வேண்டிக்கிட்டோம்” என்றார். ஒரே ஒரு பூவைக் கொண்டுவந்து தர வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை அவள் சன்னலிலிருந்து காம்புகளைப் பார்த்தாள். “மாதாவுக்குத்தானே, விடுங்க” என்றாள். ஆகஸ்டில் போய்விட்டாள். மன்னித்தது அவள். என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

அக்டோபரில் முற்றத்துக்கு சிமெண்ட் பூச முடிவானது. பிரெசிதான் புறநகரான பியர்ஃபித்தில் தோட்டத்தோடு வீடு வாங்கியிருந்தார். “மதாம் நெனவா நான் வளர்க்கிறேன், குடுங்க” என்றார். நானே வந்து நட்டுத் தருகிறேன் என்றேன். என் மேற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அளவுகோலை இறக்கினேன். பதினைந்து. “எவ்வளவு கவனமா செய்றீங்க!” என்றார்.

ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்காமலே சாகடிக்கும் முறை எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று சொன்னால் போதும். ஒவ்வொரு மே மாதமும் அவர் தொலைபேசினார்: “இந்த வருஷமும் வெறும் எலதான் மிஸ்யே.” ஒரு வருடம் சாம்பல் போடச் சொன்னேன். அடுத்த வருடம் நிழல் அதிகம் என்றேன். செர்ரி மரத்தை வெட்டினார். பிறகு பொறுமை வேண்டும் என்றேன். அதற்குப் பின் ஜெபிக்கச் சொன்னேன். ஜெபித்தார். பீடத்துக்குக் கடைசிவரை கடைப்பூதான்.

போன மாதம் அவரை அடக்கம் செய்தார்கள். போயிருந்தேன்; கடமை. பிறகு அவர் வீட்டுக்குப் போனபோது, வேலியோரம் பியோனி இடுப்புயரம் இலைவிட்டு நின்றது. என்னை மாமா முறை வைத்து அழைக்கும் அவர் மகள், “தோந்தோன், இது பூக்கவே இல்ல. பிடுங்கிடட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்ற என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. இத்தனை காலம் அவரைத்தான் காக்க வைத்தேன் என்று நினைத்திருந்தேன். வரிசையில் நின்றது என் மனைவியின் செடி.

அக்டோபரில் வந்து எடுத்து நடுகிறேன் என்றிருக்கிறேன். மூன்று வருடம் ஆகும். நான் இருப்பேனோ தெரியாது. அவர் பார்க்கப் போவதில்லை என்பது உறுதி. அதனால்தான் அப்படிச் சொன்னேன். அதற்குமுன் அளவுகோலைக் கழுவ வேண்டும். மண் கறைக்குள் மூன்று என்ற எண் தெரியவில்லை.