சரிந்து நின்ற புகைக்குழாய்

மன்னாரிலிருந்து ஒக்லாந்துக்கு வந்த நாள் முதல் செபஸ்ரியனுக்கு வேலை கூரைத் தகரம் போடுவதுதான். எத்தனையோ பேருடைய கூரையில் ஏறி இறங்கியவருக்குத் தனக்கென்று ஒரு கூரை இருந்ததில்லை. மனைவி சிசிலியாவின் வயிற்றில் புற்று என்று தெரிந்த பிறகுதான், ஒக்லாந்தின் ஓரத்து ரானுயியில் மகள் றொஷானி வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், இழுத்துப் போகக்கூடியதாய்ச் சில்லு வைத்த சட்டத்தின் மேல் ஓர் ஒற்றையறை வீடு கட்டத் தொடங்கினார்.

சிசிலியாவின் ஆசை பெரிய ஆசையும் இல்லை. மகள் வீட்டுச் சுவரில் மெஷின் ஊதுகிற சூடு அவருக்குப் பிடிக்காது. "உயிரில்லாத சூடு" என்பார். சொந்த வீட்டில், விறகு நெருப்புக்கு முன்னால் இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய வியாழனன்று செபஸ்ரியன் இரும்படுப்பை மூலையில் இருத்தி, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்து, கூரைத் தகரத்தை வட்டமாக வெட்டினார். அதற்குள் பொழுது பட்டுவிட்டது. மறுநாள் காலை புகைக்குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். மகளின் கையைப் பிடித்தபடி சிசிலியா பின்கதவடிக்கு வந்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, எங்க ஏறுறியள்?"

"குழாயைப் பூட்டத்தான். பின்னேரம் நீ நெருப்புக்கு முன்னால இருக்கலாம்."

"இண்டைக்குப் பெரிய வெள்ளி. ஆண்டவரை ஆணியில அறைஞ்ச நாளில என்ர வீட்டில ஒருத்தரும் ஆணி அடிக்கேலாது."

"இது ஆணி இல்லையப்பா, திருகாணி."

"யூதாசும் இப்பிடித்தான் ஏதும் சொல்லியிருப்பான். இறங்குங்கோ."

"மழை இருட்டுது. நாளைக்கு..."

"நாளைக்கும் நான் இருப்பன். இறங்குங்கோ எண்டுறன்!"

இறங்கினார். ஊரிலும் அந்த நாளில் சுத்தியலைத் தொட்ட மனிதர் இல்லை அவர். ஓட்டையின் மேல் தறப்பாளை இழுத்துக் கட்டினார். பகல் முழுக்க மழை. தறப்பாள் ஒழுகி, புது அடுப்பின் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

சனிக்கிழமை சிசிலியாவால் எழும்ப முடியவில்லை.

செபஸ்ரியன் கூரையில் ஏறினார். மரத்தில் சூடு படாமல் இடைவெளி விட்டுக் குழாயை நிறுத்தி, மழை இறங்காதபடி றப்பர் கழுத்தைத் தகரத்தோடு அழுத்தி, பசை பூசித் திருகாணிகளை முடுக்கினார். உச்சியில் தொப்பியை வைத்துவிட்டு இறங்கி, நெருப்பு மூட்டினார். புகை எழுந்ததும் மகள் வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியின் கட்டிலருகே நின்றார்.

"சிசிலியா, ஜன்னலால பார், புகை போகுது!"

கண் பாதி மூடியிருந்தது. வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது. "குழாய் சரிஞ்செல்லோ நிக்குது."

"ஷீ இஸ் ட்ரீமிங், அப்பா" என்றாள் றொஷானி.

ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அதற்கு மறுநாள் சிசிலியா போய்விட்டார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமையே பூட்டியிருந்தால் கைத்தாங்கலாகவாவது கொண்டுபோய் இருத்தியிருக்கலாமே என்று செபஸ்ரியன் தன்னையே தின்றார். அதைவிட இன்னொன்று அவரை அரித்தது. அவள் பார்த்தாளா, இல்லையா? நேராக நிற்கிற குழாயைச் சரிவு என்றாளே, அப்படியானால் அது வெறும் பிதற்றல்தானே? மட்டக்கோலோடு பலமுறை ஏறிப் பார்த்தார். குழாய் இம்மியும் சரியவில்லை. அடுப்பை அவர் பிறகு மூட்டவும் இல்லை.

அந்த நாட்டுக்குக் குளிர்காலமான ஜூனில், அம்மாவின் மெத்தையை வெளியே எடுக்கச் சொன்னாள் மகள். எடுக்கப் போனவருக்கு என்ன தோன்றியதோ, அந்தத் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். படுத்த கண்ணுக்கு ஜன்னல் சட்டத்தின் ஓரமும் புகைக்குழாயும் மட்டுமே தெரிந்தன. குழாய் சரிந்து நின்றது.

பதறி எழுந்தார். நின்று பார்த்தால் நேர். மறுபடி படுத்தார். சரிவு. மகள் இருந்த அந்தப் பழைய வீடு ஒரு பக்கம் தாழ்ந்து, ஜன்னல் சட்டம் கோணிப் போயிருந்தது. அந்தக் கோணலோடு சேர்த்துப் பார்க்கிற கண்ணுக்குக் குழாய்தான் சரிவு.

அப்படியென்றால் பார்த்திருக்கிறாள்.

"ஓமப்பா" என்றார் செபஸ்ரியன், தலையணையில் முகத்தைப் புதைத்தபடி. "சரிஞ்சுதான் நிக்குது."

மெத்தை அன்று வெளியே போகவில்லை.