வானவர் கீதத்தின் முதல் வரி

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இன்று அவருக்கான திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பி எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பிள்ளைப்பாக்கத்தில். அப்பா சீக்கிரமே போய்விட, நிலமும் கைமாற, படப்பைக்கு வந்தோம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கித்தான் தம்பிகள் மூவரையும் கரையேற்றினார். தன் கல்யாணத்தைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

அவருக்கென்று இருந்தது கோயில் பாடகர் குழு ஒன்றுதான். ஷிப்ட் முடித்துக் கண் சொக்க வரும் பிள்ளைகளுக்கு டீ போட்டுக் கொடுத்துப் பாட்டு சொல்லித் தருவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் பிறப்புப் பாடல் ஒன்றைக்கூட யாரும் முணுமுணுக்கக் கூடாது. “இன்னாடா, பொறக்காத கொயந்தைக்கு இப்பவே தாலாட்டு பாடிகினு கீறே?” என்பார். திருப்பலியில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதமும் அந்த ஞாயிறுகளில் கிடையாது. கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில்தான் அது திரும்ப வரும். இசைக்கருவி எதுவும் இல்லாமல் அக்கா முதல் வரியை எடுப்பார். உடனே மணிகள் ஒலிக்கும், குடிலில் குழந்தை இயேசுவை மூடியிருந்த துணியை விலக்குவார்கள். காத்திருந்து பாடினால்தான் அந்த வரிக்கு ருசி என்பார்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் கோயிலின் பங்குப் பேரவை கூடியது. புது மனைகளில் குடியேறியவர்களுக்கு விறுவிறுப்பு வேண்டுமாம். பென் டிரைவில் இசையை ஓடவிட்டு இளைஞர்கள் பாடட்டும் என்று முடிவானது. பேரவைச் செயலாளர் நான். கையெழுத்துப் போட்டதும் நான், அக்காவிடம் சேதி சொல்லப் போனதும் நான்.

“சரிடா. அந்தக் கீதத்துல மொத வரி மட்டும் நான் எடுத்துக் குடுக்கறேன். அப்பறம் அவங்களே பாடட்டும்.”

“அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா.”

“சாப்ட்டியா?” என்றார்.

அந்த வருடக் கிறிஸ்து பிறப்பு விழாவில் மணிச் சத்தமே கேட்காதபடி டிரம்ஸ் அதிர்ந்தது. அக்கா கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் நின்றார். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். நானும் சொன்னேன்.

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் படுத்துவிட்டார். மருத்துவர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாள், கிறிஸ்துமஸ் தாத்தாவும் டிரம்ஸுமாக கேரல் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது.

“இன்னிக்கா பண்டிகை?”

“இல்லக்கா, இன்னும் ஒரு வாரம் கீது.”

“அதுக்குள்ள இன்னாடா அவசரம் இவங்களுக்கு?”

மூன்றாம் நாள் போய்விட்டார். அடக்கத் திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை. அக்கா கேட்ட அந்த ஒரு வரி அவருக்குக் கிடைக்கவே இல்லை.

கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டிவிட்ட பக்கத்து வீட்டு செல்வியம்மாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஷேர் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பாபு தம்பிக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு அடக்கத்துக்கு வந்த பழைய பாடகர் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைப் புகழ்ந்து இரங்கல் தீர்மானம் போட்ட பேரவைக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்.

அக்கா படுத்திருந்த நாட்களில் பக்கத்திலேயேதான் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்போது அச்சடித்துக் கேட்கிறேன். உங்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி கிடைக்கும், அக்காவுக்குக் கிடைக்காது.