ரெனிட்டா வரலாம், நான் போக முடியாது

ரெனிட்டாவைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

இருவருக்கும் மத்திகிரியில் அடுத்தடுத்த வாடகை வீடு. ஒரே சர்ச், ஒரே கம்பெனி பஸ், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் இருக்கும் அந்தக் கம்பெனியில் ஒரே ஒயரிங் லைன். லைன் லீடர் வேலை அவளுக்குத்தான் போனது. பிறகு சைப்ரஸ் தீவுக்குப் போனாள், நிகோசியா நகரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள. அன்றிலிருந்து என் அம்மா வாயைத் திறந்தால் ரெனிட்டா புராணம்தான். அவள் கடற்கரையில் நிற்கும் போட்டோவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

நானும் போவதென்று முடிவெடுத்தேன். அவளிடம் கேட்டால் அவள் தயவில் போனதாகிவிடுமே! கிருஷ்ணப்பன் என்ற ஏஜென்டைப் பிடித்தேன்.

"தெக்குப் பக்கம்னா எட்டு மாசம் காத்திருக்கணும்மா. வடக்குப் பக்கம் ஓட்டல் வேல, இந்த மாசமே பிளைட் ஏறிடலாம். அதே தீவு, அதே நிகோசியா. நடுவுல ஒரு கோடு, அவ்ளோதான்" என்றார்.

கோடுதானே! தினமும் ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகத்துக்குள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்தவள் நான். போர்டில் எழுத்து மாறும், டீக்கடையில் கன்னடம் கேட்கும். எனக்குத் தெரிந்த எல்லை அவ்வளவுதான். புதுச் சேலை கட்டிக்கொண்டு நிகோசியாவில் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அதற்காகவே கையெழுத்துப் போட்டேன்.

வடக்குப் பக்கம் வந்து இறங்கிய முதல் ஞாயிறே அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். செக்போஸ்ட்டில் தெற்குப் பக்கத்துப் போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் ரெனிட்டாவுக்கே போன் போட்டேன். அவள்தான் விளக்கினாள். 1974 சண்டையில் தீவு இரண்டாகிவிட்டதாம். தெற்கே கிரேக்கம் பேசுகிறவர்கள், வடக்கே துருக்கிய மொழி பேசுகிறவர்கள், நடுவில் ஐ.நா. காவல். துருக்கியைத் தவிர வேறு யாரும் வடக்கைத் தனி நாடாக ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வடக்கு வழியாக வந்து இறங்கியவளைத் தெற்கே விடமாட்டார்கள்.

"அழாத ஜெபசீலி. எங்கிட்ட இந்தப் பக்கத்துப் பெர்மிட் இருக்குது, நான் அங்க வரலாம். நானே வர்றேன்" என்றாள்.

வரலாமாம்! அந்தக் கோடு கூட அவளுக்குத்தான் வழிவிடுகிறது.

மாதம் ஒரு ஞாயிறு வருகிறாள். புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறாள், நன்றாகவும் இருந்து தொலைக்கிறது. இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்து மத்திகிரிக்கு அனுப்புகிறாள். தப்பான பக்கம் வந்து மாட்டிக்கொண்டதை வீட்டில் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். இன்றுவரை அவள் மூச்சு விடவில்லை.

போன வாரம் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, எப்பப் பாரு அவளேதான் உன்னத் தேடி வர்றா. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு நீ ஒரு நாளாச்சும் அவ வீட்டுக்குப் போனியா? அப்படி என்னடி பொறாம உனக்கு?"

எத்தனையோ விஷயத்தில் பொறாமைப்பட்டிருக்கிறேன். இது ஒன்றில் மட்டும் என் மேல் குற்றமில்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"அடுத்த வாரம் போறேம்மா" என்றேன்.