அவிநாசிக்குச் சான்றிதழ் மீட்கப் போனது

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, உலகப் போருக்குக் கிளம்பும் தளபதியின் தோரணையில் சிங்காநல்லூரிலிருந்து அவிநாசிக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டேன். பின் சீட்டில் என் அக்கா மகள் வித்யா. அவிநாசியில் ஒரு தனியார் பள்ளியில் பத்து வருடமாகக் கணக்கு டீச்சர். அன்று பதினொன்றரைக்கு ஆர்.எஸ்.புரத்தில் வேறொரு பள்ளியில் அவளுக்கு நேர்முகம். அசல் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாதாம். அசலோ, வேலைக்குச் சேர்ந்த அன்றே தாளாளர் வாங்கிப் பூட்டிய பீரோவில். "சர்டிபிகேட் அங்க மாட்டிக்கிச்சுங்க" என்று சொல்லியே இத்தனை வருடமும் வந்த வேலைகளை எல்லாம் தட்டிக்கழித்தாள். இந்த முறை அக்கா என்னை ஏவிவிட்டாள்.

கிளம்பியது ஆறு ஐம்பது. 36 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய். கருமத்தம்பட்டியில் டீ, ஆளுக்குப் பதினைந்து. என் யோசனையில் பாதி டீயை நெடுஞ்சாலை குடித்தது. தாளாளர் தர மாட்டேன் என்றால்? மூன்று மாத நோட்டீஸ் கேட்டால்? வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வசனம் ஒத்திகை பார்த்தேன்.

எட்டு இருபதுக்குத் தாளாளர் அறை. "ஏனுங்க, இந்தப் புள்ளையோட சர்டிபிகேட்டு..." என்பதற்குள் பீரோ திறந்துவிட்டது.

"இந்தாங்க. டீச்சர் ஒருக்கா கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பனுங்களே."

மொத்தம் ஆறு நிமிடம். வெற்றி வீரனாகத் திரும்பினால், வித்யாவின் முகம் வெளுத்துக் கிடந்தது. வாசலில் வண்டியைக் கிளப்பினேன். அவள் ஏறவில்லை.

"ஏறு அம்மணி, நேரமாச்சு."

"நான் போகலைங்க மாமா."

"சம்பளம் கூட, தூரம் கம்மி. இங்க என்னத்தக் கண்டே?"

"போர்டுல நான் தப்பாப் போட்டா, கடைசி பெஞ்சுப் புள்ள எந்திரிச்சு 'தப்புங்க டீச்சர்'ங்குது. அப்படிப் பயமில்லாம சொல்ல வெக்க எனக்குப் பத்து வருசமாச்சுங்க. அங்க போனா மறுபடியும் மொதல்ல இருந்து."

ஃபைலை என் கையில் திணித்தாள். "உங்க பீரோவுல பூட்டிருங்க. நானே வந்து கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க. அம்மாகிட்ட, தரலைன்னு சொல்லிருங்க."

மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: எட்டரைக்குள் போங்கள், அதற்குப் பிறகு தாளாளர் கிடைப்பது கஷ்டம். அதற்கும் முன்னால், சான்றிதழ் நிஜமாகவே வேண்டுமா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. அக்கா பிளாக் படிப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் வித்யா என் வீட்டுக்கு வருகிறாள். காபி குடித்துக்கொண்டே பீரோவைப் பார்க்கிறாள். நான் நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.