முன்னால் வந்தவளுக்கு நான்காமிடம்

ஏலகிரியில் இன்று காலை நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த சின்ன டிரையத்லான். ஐம்பத்தாறு வயதில் நானும் ஓடி முடித்தேன்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் நேரம் குறிப்பவர், "ஓரமா நில்லும்மா, ஓடி வர்றவங்களுக்கு வழி விடு" என்றார்.

"நானும் ஓடித்தான் வர்றேன் சார்."

"உன் பொண்ணோட நம்பரை நீ இன்னாத்துக்குக் குத்திக்கினே?"

அதற்குள் எனக்குப் பின்னால் வந்த இருபத்தைந்து வயதுப் பெண், "சார், கடைசி வரைக்கும் இந்த ஆன்ட்டி முதுகைப் பாத்துக்கினேதான் வந்தேன்" என்றாள்.

அப்புறம்தான் பேனாவை எடுத்தார். அவளுக்கு மூன்றாமிடம், எனக்கு நான்கு என்று எழுதினார். மேடை மூன்று பேருக்குத்தான்.

ஏன் என்று கேட்டேன். "ஒரு இடம்தானேம்மா. இந்த வயசுல முடிச்சதே ஜாஸ்தி" என்றார்.

அந்தப் பேச்சே அருவருப்பாக இருந்தது. அந்த ஒரு இடத்துக்குத்தான் ஆறு மாதம் கிணற்றில் நீந்தினேன்.

சோளிங்கர் கோயில் வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரை இப்படி முன்னால் விட்டால், நீங்கள் சும்மா இருப்பீர்களா?